பதின்மூன்று வரைக்கும் போனியா?

533 என்ற எண்ணை ஒரு முதன்மை எண் என்று நம்பி நான் எழுதியது 1993இல். ஆரையம்பதியில், பெரியப்பா வீட்டு விறாந்தையில், குப்பி விளக்கு வெளிச்சத்தில். எனக்கு அப்போது பதினொரு வயது. எழுதிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "முடிஞ்சுது பெரியப்பா" என்று கொப்பியை நீட்டினேன். அவர் வாங்கி மூன்று எண்களுக்குச் சரி போட்டார். நாலாவதில் பென்சில் நின்றது.

"பதின்மூண்டு வரைக்கும் போனியா மனே?"

நான் போகவில்லை. ஏழால் வகுத்தேன், ஒன்று மிஞ்சியது. பதினொன்றால் வகுத்தேன், ஐந்து மிஞ்சியது. அதோடு கை ஓய்ந்துவிட்டது. பார்க்கும்போது அந்த எண் எதற்கும் மசியாதது போலத்தான் இருந்தது. பெரியப்பா கொப்பியைத் திருப்பித் தந்தார். விடையைச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து பெரியம்மா, "மண்ணெண்ணெய் முடியப் போகுது, ரெண்டு பேரும் படுங்க" என்று சத்தம் போட்டா. நான் விளக்கைக் கிட்ட இழுத்து, பதின்மூன்றால் வகுத்தேன். நாற்பத்தொரு தரம் போனது. மீதி ஒன்றும் இல்லை.

அந்த இரவிலிருந்து இன்றுவரை எண்களை வைத்துக் கட்டம் நிரப்பும் புதிர்கள் என்னை விடவில்லை. நானும் விடவில்லை. இவ்வளவு காலமும் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண் பிள்ளைக்குத்தான். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. ஆகவே எனக்குப் பெரியப்பா என்றால் அடுத்த வாசல். நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயலுக்கு வயல் நடந்து அளந்த மனிதர். ஒரு பக்கத்தால் அளந்து வந்ததை அவர் அளவு என்றே சொல்லமாட்டார். சுற்றிப் போய் மறுபக்கத்தாலும் வந்து தொடங்கிய புள்ளியில் முட்ட வேண்டும், அப்போதுதான் கணக்கு. புதிர் கட்டும்போதும் அதே குணம்தான். எங்கள் ஒழுங்கையில் அந்த வருடங்களில் மின்சாரம் இல்லை, பொழுதுபட்டால் வெளியே போகவும் முடியாது. கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறி, ஒவ்வொரு கிழமையும் எனக்கு ஒரு புதிர் தருவார்.

குறுக்கெழுத்துப் போட்டி எல்லாருக்கும் தெரியும். ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21இல் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வைர வடிவத்தில் போட்டதைத்தான் அதன் தொடக்கம் என்பார்கள். (1913 ஒரு முதன்மை எண். இதைக் கவனிக்காமல் என்னால் அந்த வருடத்தை எழுத முடிவதில்லை.) நான் சொல்வது அதன் தம்பி. கட்டத்துக்குள் எழுத்துக்குப் பதிலாக இலக்கம். இடமிருந்து வலம் ஒரு எண், மேலிருந்து கீழ் இன்னொரு எண், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரே இலக்கம். நான் இதைக் குறுக்கெண் என்று சொல்லிப் பழகிவிட்டேன். தமிழில் ஒரு கட்டத்துக்குள் 247 எழுத்தில் எதுவும் வரலாம். இங்கே வெறும் பத்து. பத்துத்தானே என்று நினைப்பவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் முதன்மை எண் என்றிருக்கும். தமிழ்நாட்டில் பகா எண் என்கிறார்கள். இரண்டும் நல்ல சொல், ஆனால் எனக்குப் பகா எண்தான் நெருக்கம். பகுக்க வராதது. ஒன்றையும் தன்னையும் தவிர யார் வந்து பங்கு கேட்டாலும் மீதி வைக்கும் எண்.

அன்றைக்கு நான் பிழைவிட்ட புதிரையே சொல்கிறேன். ஒரு தாளில் கீறிக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். நடுக் கட்டம் கறுப்பு. மேல் வரிசையின் இடது மூலைக்கு 1, வலது மூலைக்கு 2, கீழ் வரிசையின் இடது மூலைக்கு 3 என்று இலக்கம் போடுங்கள். எல்லாமே மூன்று இலக்க எண்கள்.

இடமிருந்து வலம்
1. முதன்மை எண். அதன் இலக்கங்களைக் கூட்டினால் ஒரு சதுர எண்.
3. முதன்மை எண். அதன் இலக்கங்கள் மூன்றும் தனித்தனியே முதன்மை எண்கள்.

மேலிருந்து கீழ்
1. சதுர எண்.
2. கன எண்.

இவ்வளவுதான். புதிதாகப் பார்ப்பவர்கள் 1ஆவது குறிப்பிலேயே தொடங்கி முட்டுப்படுவார்கள். மூன்று இலக்க முதன்மை எண்கள் 143 இருக்கின்றன, அவற்றில் எதைப் பிடிப்பது? மூன்று இலக்கச் சதுர எண்கள் 22, பத்தின் வர்க்கத்திலிருந்து முப்பத்தொன்றின் வர்க்கம் வரை. கன எண்கள் ஐந்தே ஐந்து: 125, 216, 343, 512, 729. ஆள் குறைந்த இடத்தில்தான் முதலில் கதவைத் தட்ட வேண்டும். ஆகவே மேலிருந்து கீழ் 2.

இங்கே நடப்பதைக் கவனியுங்கள். அந்தக் கன எண்ணின் முதல் இலக்கம் மேல் வரிசை எண்ணின் கடைசி இலக்கம். கன எண்ணின் கடைசி இலக்கம் கீழ் வரிசை எண்ணின் கடைசி இலக்கம். இரண்டு வரிசையும் முதன்மை எண்கள். மூன்று இலக்க முதன்மை எண் இரட்டையில் முடியாது, 5இல் முடியாது. 1, 3, 7, 9 மட்டும்தான். 125 ஐந்தில் முடிகிறது, போய்விட்டது. 216 இரண்டில் தொடங்கி ஆறில் முடிகிறது, அதுவும் போனது. 512 ஐந்தில் தொடங்குகிறது. மிச்சம் 343, 729. 'முதன்மை எண்' என்ற வெறும் சொல், எந்த எண் என்று ஒன்றுமே சொல்லாமல், ஐந்தில் மூன்று பேரை வெளியே அனுப்பிவிட்டது. பிறகு, கீழ் வரிசையின் இலக்கங்கள் எல்லாம் முதன்மை எண்கள், அதாவது 2, 3, 5, 7 (1 முதன்மை எண் அல்ல). 9 அங்கே இருக்க முடியாது. ஆக 343.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த அடி. இடது பக்கம் மேலிருந்து கீழ் வருவது சதுர எண். அதன் கடைசி இலக்கம்தான் கீழ் வரிசையின் முதல் இலக்கம். சதுர எண் எதுவும் 2, 3, 7, 8இல் முடியாது. கீழ் வரிசை தன் பங்குக்கு 2, 3, 5, 7 மட்டும்தான் என்கிறது. இரண்டும் ஒத்துக்கொள்வது ஒரே ஒரு இலக்கம், 5. ஒருவர் அந்தப் பக்கத்தால் அளந்து வர, மற்றவர் இந்தப் பக்கத்தால் அளந்து வர, இரண்டு பேரும் ஒரே கட்டையில் வந்து முட்டுகிற மாதிரி. பதினொரு வயதில் இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான்.

கீழ் வரிசை 5, ஏதோ ஒன்று, 3. நடுவில் 2, 3, 5, 7இல் ஒன்று. 523, 533, 553, 573. இந்த நடுக் கட்டத்துக்கு மேலே இருப்பது கறுப்பு. வேறு எந்த எண்ணும் அதைத் தொட்டுப் போவதில்லை. அயலவர் யாரும் வந்து 'நீ பிழை' என்று சொல்லமாட்டார்கள். வகுத்துப் பார்த்தால்தான் உண்டு. 573ஐ இலக்கம் கூட்டினாலே பதினைந்து, மூன்றால் போகும். 553 ஏழில் அகப்படும், 7 × 79. 533தான் ஏழையும் பதினொன்றையும் தாண்டி, பதின்மூன்றில் வந்து விழுகிறது. பெரியப்பா அந்தக் கட்டத்தை வேண்டுமென்றேதான் அயல் இல்லாமல் விட்டிருந்தார்.

523 மிஞ்சுகிறது. அது உண்மையில் முதன்மை எண்தானா? மூன்றால் வகுத்தால் மீதி 1, ஏழால் 5, பதினொன்றால் 6, பதின்மூன்றால் 3, பதினேழால் 13, பத்தொன்பதால் 10. அதோடு நிறுத்தலாம். 23ஐ 23ஆல் பெருக்கினால் 529, அது 523ஐத் தாண்டிவிடுகிறது. 23ஓ அதற்குப் பெரியதோ ஒரு காரணியாக இருந்தால் அதன் சோடி 23க்குச் சிறியதாக இருக்க வேண்டும். சிறியதை எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

மேல் வரிசைக்கு வருவோம். 5இல் முடியும் மூன்று இலக்கச் சதுர எண்கள் 225, 625 மட்டும். ஆகவே மேல் வரிசை 2இல் அல்லது 6இல் தொடங்கி 3இல் முடிகிறது. இலக்கக் கூட்டுத்தொகை சதுர எண். 4 போதாது, 2உம் 3உம் சேர்ந்தாலே ஐந்து. 9 என்றால் எண்ணே ஒன்பதால் வகுபடும், முதன்மையாக இருக்காது. 25க்கு எட்டாது. மிச்சம் 16. 2இல் தொடங்கினால் நடுவில் 11 வேண்டும், அது ஒரு கட்டத்துக்குள் அடங்காது. 6இல் தொடங்கினால் நடுவில் 7. 673. பட்டியல் எதையும் புரட்டாமல் முடிந்துவிட்டது. 673ஐயும் 7, 11, 13, 17, 19, 23 என்று வகுத்துப் பாருங்கள். ஏழால் வகுத்தால் 96 தரம் போய் ஒன்று மிஞ்சும். ஒரேயொரு இலக்கத்தால் தப்பிய எண்.

பெரியப்பாவிடம் நான் படித்தது மீதியை எழுதி வைக்கும் பழக்கம். "முதன்மை எண்" என்று நான் சொன்னால் அவருக்குப் போதாது. கொப்பியின் ஓரத்தில் 7க்குக் கீழே எவ்வளவு, 11க்குக் கீழே எவ்வளவு என்று நிரையாக எழுதியிருக்க வேண்டும். ஒரு எண் முதன்மை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி இல்லை என்பார். இலக்கச் சாத்திரம் பார்ப்பவர்கள் மாதிரி முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. 51, 57, 87, 91 ஆகிய நான்கையும் 'பொய்முகம்' என்பார். முதல் மூன்றும் இலக்கம் கூட்டினால் மூன்றில் பிடிபடும். 91 மட்டும் எந்தக் குறுக்குவழிக்கும் அகப்படாமல் இருந்து, கடைசியில் 7 × 13 என்று உடையும். படித்த பெரியவர்கள் எத்தனை பேர் 91ஐ முதன்மை எண் என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார்கள்!

ஓய்வூதியம் எடுக்க அவர் பட்டணத்துக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். அப்போது கல்லடியில் பழைய பாலம் மட்டும்தான், லேடி மன்னிங் பாலம். ஒடுங்கின பாலம், அந்தப் பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்து நிற்க வேண்டும். நாங்கள் பஸ் யன்னலால் முன்னால் நிற்கும் வாகனங்களின் இலக்கத் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். கடைசி நான்கு இலக்கம்தான் எங்கள் பங்கு. அங்கேதான் ஆயிரத்தொன்றைக் காட்டித் தந்தார். 7 × 11 × 13 = 1001. ஆகவே நாலு இலக்க எண்ணில் முதல் இலக்கத்தை எடுத்து, மீதி மூன்று இலக்கத்திலிருந்து கழித்துவிடலாம். 6851 என்றால் 851இலிருந்து 6ஐக் கழி, 845. 845 பதின்மூன்றால் போகும், 65 தரம். அப்படியென்றால் 6851உம் போகும். அது 13 × 17 × 31. பஸ் நகரும்போது நான் இன்னும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். கீழே வாவி, சக்கரத்துக்கு அடியில் பாலத்தின் இரும்புச் சத்தம்.

அந்தப் பாலம் 1924இல் கட்டியது. 2 × 2 × 13 × 37. பக்கத்தில் புதிய பாலம் 2013இல் திறந்தபோது நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதையும் உடைத்தேன், 3 × 11 × 61. பெரியப்பா ஏற்கெனவே உடைத்து வைத்திருந்தார்.

நான் இப்போது சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஆரையம்பதியிலிருந்து பஸ், கல்முனையில் இறங்கி இன்னொரு பஸ். அரிசி பிரியும் சல்லடைகளைப் பார்க்கும்போதெல்லாம் எரதொஸ்தனிஸ் ஞாபகம் வரும். அலெக்சாந்திரியா நூலகத்தைப் பார்த்துக்கொண்ட கிரேக்கர், கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்காரர். எண்களை வரிசையாக எழுதி, இரண்டின் மடங்கை அடி, மூன்றின் மடங்கை அடி, ஐந்தின் மடங்கை அடி என்று போனால் கடைசியில் முதன்மை எண்கள் மட்டும் தங்கும். அதன் பெயரே அவருடைய சல்லடை. நூறு வரைக்கும் செய்ய 2, 3, 5, 7 என்ற நாலு அடி போதும், 25 எண்கள் தங்கும். பிள்ளைகளுக்கு இதைக் கையால் செய்யக் கொடுக்க வேண்டும். சதுர றூள் கொப்பியில், கலர் பென்சிலால். பாடமாக்க வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தொலைபேசியில் தட்டினால் எந்த எண்ணையும் கண்மூடித் திறப்பதற்குள் உடைத்துத் தந்துவிடும், பிறகு ஏன் இந்தப் பாடு என்று மில்லில் கேட்கிறார்கள். முடித்த பிறகு தட்டிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. முதலில் தட்டினால் புதிர் அங்கேயே செத்துப்போகும். 533 பதின்மூன்றால் போகிறது என்று யாராவது எனக்கு முதலே சொல்லியிருந்தால் நான் அதை அன்றிரவே மறந்திருப்பேன்.

மில்லில் என் கூட்டாளி ஒருவர் இருக்கிறார், களஞ்சியப் பொறுப்பாளர். நான் நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரு கட்டம் நிரப்புவோம். அம்பாறையிலிருந்து நெல் ஏற்றி வரும் சிங்கள லொறிச் சாரதி ஒருவரும் சில நாள் சேர்ந்துகொள்வார். குறிப்பை நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னால் போதும், மீதிக்கு மொழி தேவையில்லை. சொற்களில் போடும் குறுக்கெழுத்தில் அவரோடு இப்படி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

கட்டம் நிரப்புவதைவிடக் கட்டம் கட்டுவது பலமடங்கு கஷ்டம். விடை ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு விடை வரும் புதிர், இரண்டு பக்கத்தாலும் அளந்து வேறு வேறு இடத்தில் போய் முடிந்த காணி. இந்த வருடம் பெரியப்பாவின் பிறந்தநாளுக்கு நான் ஒரு சின்னப் புதிர் கட்டினேன். இரண்டுக்கு இரண்டு, நாலே கட்டம், நான்கும் இரண்டு இலக்க எண்கள். இடமிருந்து வலம் 1உம் 3உம் முதன்மை எண்கள், இரண்டையும் கூட்டினால் சதுர எண். மேலிருந்து கீழ் 1 சதுர எண். மேலிருந்து கீழ் 2, ஏழின் மடங்கு. விடை ஒன்றுதான் என்று உறுதியாக நம்பி நானாவிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் வந்து தாளை மேசையில் வைத்தார். "தம்பி, இது சரிதானே?" 47, அதன் கீழே 97. மேலிருந்து கீழ் 49, 77. நாற்பத்தேழும் தொண்ணூற்றேழும் கூட்டினால் 144, பன்னிரண்டின் வர்க்கம். எல்லாம் பொருந்துகிறது. நான் வைத்திருந்த விடை அதுவல்ல. 77 என்ற எண்ணை நான் பார்க்கவே இல்லை. இரண்டு ஏழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எங்கேயோ தேடியிருக்கிறேன். அன்று முழுவதும் ரசீதுகளுக்கு நடுவே அதையே யோசித்து, சாயங்காலம் பஸ்ஸில் காரைதீவு தாண்டும்போது வழி தெரிந்தது. 'ஏழின் மடங்கு' என்பதை 'பதின்மூன்றின் மடங்கு' என்று மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. மற்ற எல்லா வழியையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன், கூட்டுத்தொகை 104 வந்தது, 82 வந்தது, 102 வந்தது, 80 வந்தது. எதுவும் சதுர எண் இல்லை. ஒரே ஒரு விடை நின்றது. நானாவும் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பிறந்தநாள் அன்று பின்னேரம் அதே விறாந்தையில், சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் குறிப்புகளை வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வலது கையின் சுட்டுவிரலால் நாற்காலிக் கையில் கட்டம் கீறத் தொடங்கினார். மேலே இரண்டு, கீழே இரண்டு. பெரியம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தா. ஆறிப்போனது. விரல் ஒவ்வொரு கட்டமாகப் போய்ப் போய்த் திரும்பியது.

"கூட்டினால் சதுர எண் எண்டு சொன்னாய் என்ன?"

"ஓம் பெரியப்பா."

இன்னும் கொஞ்ச நேரம். விரல் மேல் வரிசையில் நின்றது. கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"டேய் மனே, முதலாவதுல என்ட வயச வச்சிருக்காய்."